ஹாக்னி டயமண்ட்ஸ்: விருந்தாளிகள் இருக்கட்டும், முதலில் டிரம்ஸைக் கேளுங்கள்

இங்கிலாந்தின் பழம்பெரும் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து விழுவது விருந்தாளிகள் பட்டியல்தான். பால் மெக்கார்ட்னி, எல்டன் ஜான், ஸ்டீவி வொண்டர், லேடி காகா. எல்லாம் பெரிய பெயர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஆல்பத்தை முதல் முறை கேட்கப் போகிறவர்கள் அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஏழாவது பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ‘மெஸ் இட் அப்’, அதையடுத்து ‘லிவ் பை தி சோர்ட்’. இரண்டையும் கேட்டுவிட்டு முதல் பாட்டான ‘ஆங்க்ரி’க்குத் திரும்புங்கள். அந்த இரண்டு பாட்டில் மட்டும் டிரம்ஸ் வாசிப்பவர் குழுவின் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸ். மற்றவற்றில், டிரம்ஸே இல்லாத கடைசிப் பாட்டு நீங்கலாக, அவர் இடத்துக்கு வந்த ஸ்டீவ் ஜோர்டன். இந்த வித்தியாசம் ஒருமுறை காதில் பிடிபட்டுவிட்டால் அதற்கப்புறம் ஆல்பமே வேறு மாதிரி கேட்கும்.

2023 அக்டோபர் 20-ஆம் தேதி வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டு, மொத்தம் 48 நிமிடம் சொச்சம். சொந்தப் பாட்டுகளோடு ஸ்டோன்ஸ் ஓர் ஆல்பம் போட்டு அப்போது 18 வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தையது 2005-இல் வந்த ‘எ பிக்கர் பேங்’. இடையில் 2016-இல் வந்த ‘புளூ அண்ட் லோன்சம்’ முழுக்க முழுக்கப் பழைய புளூஸ் பாட்டுகள், மூன்றே நாளில் பதிவு செய்தது. புது ஆல்பம் வந்தபோது பாடகர் மிக் ஜாகருக்கு 80 வயது, கிட்டார்காரர்கள் கீத் ரிச்சர்ட்ஸுக்கு 79, ரோனி வுட்டுக்கு 76. வயதைச் சொல்வது பரிதாபத்துக்காக இல்லை. வாசிப்பில் அது எங்கே தெரிகிறது, எங்கே தெரியவே இல்லை என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

பெயருக்கு ஒரு விளக்கம் வேண்டும். ஹாக்னி என்பது லண்டனின் கிழக்குப் பகுதி. திருடர்கள் கார் கண்ணாடியையோ கடைக் கண்ணாடியையோ உடைத்துவிட்டுப் போன பிறகு தெருவில் மினுங்கிக்கொண்டு கிடக்கும் சில்லுகளை அந்த ஊர்ப் பேச்சில் ‘ஹாக்னி வைரம்’ என்பார்கள். 2023 ஆகஸ்டில் அந்தப் பகுதியின் உள்ளூர்ப் பத்திரிகையான ஹாக்னி கெஜட்டில் கண்ணாடி பழுது பார்க்கும் கடை விளம்பரம் போல ஒன்று வந்தது. அதன் வாசகத்துக்குள் ஸ்டோன்ஸின் பழைய பாட்டுப் பெயர்கள் ஒளிந்திருந்தன. விஷயம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். செப்டம்பர் 6-ஆம் தேதி அதே ஹாக்னியில், ஹாக்னி எம்பயர் அரங்கில் ஆல்பத்தை அறிவித்தார்கள். அட்டையில் கண்ணாடி இதயத்தில் கத்தி இறங்கிய ஓவியம்.

தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட். 1990-இல் பிறந்தவர், கிட்டார்காரர், ஆஸி ஆஸ்பர்ன், இகி பாப் போன்றவர்களின் ஆல்பங்களைச் செய்தவர். பல வருடமாகத் துண்டு துண்டாகப் பதிவு செய்து எதுவும் முடியாமல் கிடந்த நிலையில், 2023 காதலர் தினத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஜாகர் கெடு வைத்தார். அந்தக் கெடுவின் நல்ல விளைவு பாட்டுகளின் நீளத்திலேயே தெரிகிறது. பன்னிரண்டில் பத்துப் பாட்டு நாலே முக்கால் நிமிடத்தைத் தாண்டாதவை என்று சொன்னால்கூடக் குறைவு. ஒன்றே ஒன்றுதான் தாண்டுகிறது. இழுவை கிடையாது. சரணம் முடிந்தால் அடுத்தது வந்துவிடுகிறது.

சரி, டிரம்ஸுக்கு வருவோம்.

சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24 அன்று 80 வயதில் இறந்துபோனார். இந்த ஆல்பத்தில் இருக்கும் அவருடைய இரண்டு பாட்டும் 2019-இல் பதிவானவை. அவர் கையில் ஒரு தனிப் பழக்கம் இருந்தது. சாதாரண ராக் தாளத்தில் வலது கை ஹை-ஹாட்டில் (ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் ஜோடித் தாளத்தட்டு) ஓர் ஆவர்த்தத்துக்கு எட்டுத் தட்டு தட்டும். இடது கை இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையில் ஸ்னேரில் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) விழும். அதாவது எட்டில் மூன்றாவது தட்டிலும் ஏழாவது தட்டிலும் ஹை-ஹாட்டும் ஸ்னேரும் சேர்ந்து ஒலிக்கும். பெரும்பாலான டிரம்மர்கள் வாசிப்பது அப்படித்தான். சார்லி அந்த இரண்டு இடத்தில் வலது கையைத் தூக்கிவிடுவார். ஹை-ஹாட் மௌனமாகிவிடும், ஸ்னேர் மட்டும் தனியாக விழும். எட்டு தட்டில் ஆறுதான் ஒலிக்கும். கேட்பவருக்கு ஏதோ குறைந்த மாதிரி இருக்காது. அந்த ஸ்னேரைச் சுற்றிக் காற்று நிறைந்த மாதிரி இருக்கும். நம் சங்கீதத்தில் கார்வை விடுவது என்று சொல்கிறோமே, அதை ஒரு தட்டின் அளவுக்குச் சுருக்கினால் இதுதான்.

‘லிவ் பை தி சோர்ட்’ பாட்டில் இதைக் கேட்கப் பழகலாம். நல்ல ஹெட்ஃபோன் போட்டு, பாட்டு வரிகளை மறந்துவிட்டு, ஹை-ஹாட்டின் ‘டிக் டிக்’ ஒலியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்னேர் விழும்போது அது என்ன ஆகிறது என்று பாருங்கள். முதல் தடவை பிடிபடாவிட்டால் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள், கூட்ட வேண்டாம். சத்தம் குறையும்போது பேஸும் (கீழ்ச்சுரம் வாசிக்கும் கிட்டார்) கிட்டாரும் பின்னுக்குப் போய், கூர்மையான ஒலிகள் மேலே வரும்.

இந்தப் பாட்டுக்கு இன்னொரு பெருமை, பில் வைமன் பேஸ் வாசிக்கிறார். 1993-இல் குழுவை விட்டுப் போனவர். ஜாகர், ரிச்சர்ட்ஸ், வுட், வாட்ஸ், வைமன் ஐவரும் ஒரே பாட்டில். 1975 முதல் வைமன் விலகும் வரை இருந்த அதே கூட்டு. எல்டன் ஜான் பியானோவை அடித்து வாசிக்கிறார், ஆனால் ‘நான்தான் எல்டன்’ என்று ஓர் இடத்திலும் முன்னால் வந்து நிற்கவில்லை. கூலிக்கு வாசிக்க வந்த பியானோக்காரர் மாதிரி தாளத்தோடு கலந்துவிடுகிறார். அவ்வளவு பெரிய கலைஞருக்கு இந்த அடக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது!

‘மெஸ் இட் அப்’ வேறு ரகம். டிஸ்கோ நடை. 1978-இல் ‘மிஸ் யூ’ பாட்டில் செய்த காரியத்தைத் திரும்பவும் செய்கிறார்கள். ஜாகர் பொய்க்குரலில் மேலே ஏறும்போது, கீழே சார்லியின் கால் அசையாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஜாஸ் கேட்டு வளர்ந்த டிரம்மர் டிஸ்கோ வாசிக்கும்போது வரும் ஒரு மெத்தென்ற தன்மை இதில் இருக்கிறது. மெஷின் மாதிரி இறுக்கமாக இருக்காது, ஆனால் விலகவும் விலகாது.

ஸ்டோன்ஸின் தாளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. பெரும்பாலான ராக் குழுக்களில் எல்லாரும் டிரம்மரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஸ்டோன்ஸில் டிரம்மர் பிடித்துக்கொண்டு போவது கீத்தின் ரிதம் கிட்டாரை. கீத் ஒரு மயிரிழை முன்னால் போவார், சார்லி அவரைப் பார்த்து ஒரு மயிரிழை பின்னால் வருவார், பேஸ் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். இந்தச் சின்னத் தள்ளாட்டம்தான் ஸ்டோன்ஸ். இதை அச்சு அசலாக நேர்க்கோட்டில் வாசித்துவிட்டால் நோட்டு எல்லாம் சரியாக இருக்கும், பாட்டு செத்துப் போயிருக்கும். ஸ்டோன்ஸ் பாட்டு வாசிக்கிற கவர் பேண்டுகள் பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

ஸ்டீவ் ஜோர்டன் இங்கே என்ன செய்கிறார்? சார்லி மாதிரி வாசிக்க முயலவே இல்லை. அதுதான் அவர் செய்த மிகச் சரியான காரியம். கீத்தோடு 1980-களிலிருந்து சேர்ந்து வாசிப்பவர், கீத்தின் எக்ஸ்பென்சிவ் வினோஸ் குழுவின் டிரம்மர், 1988-இல் வந்த கீத்தின் முதல் தனி ஆல்பத்தின் கூட்டுத் தயாரிப்பாளர். 2021 சுற்றுப்பயணத்துக்குத் தன்னால் வர முடியாது என்று ஆனபோது, தன் இடத்தில் உட்காரச் சொல்லி சார்லியே கேட்டுக்கொண்டது இவரைத்தான். ஜோர்டனின் ஸ்னேர் இறுக்கமாக, காய்ந்து, ‘டப்’ என்று உடனே நின்றுவிடும். அடி கனமானது. கீத் முன்னால் ஓடினால் இவர் பின்தங்கிக் காத்திருப்பதில்லை, தரையில் ஆணி அடித்து வைத்த மாதிரி அதே இடத்தில் நிற்கிறார். கீத் அந்த ஆணியைச் சுற்றி ஆடுகிறார். ‘ஆங்க்ரி’, ‘கெட் குளோஸ்’ இரண்டிலும் இது நன்றாகத் தெரியும். சார்லியோடு ஆட்டம் இருவருக்கும் பொதுவாக இருந்தது, ஜோர்டனோடு ஆட்டம் கிட்டாரின் பக்கம் வந்திருக்கிறது. ஸ்டோன்ஸ் ரசிகர்கள் சிலருக்கு இது கொஞ்சம் கட்டையாகத் தோன்றலாம். ஆனால் இறந்தவரின் நடையைப் போலி செய்து ஓர் ஆல்பம் முழுக்க ஓட்டியிருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும்.

அடுத்தது கிட்டார். கீத்தின் ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் ‘டிரைவிங் மீ டூ ஹார்ட்’ பாட்டின் முதல் சில விநாடிகளே உடம்பில் சிலிர்ப்பு உண்டாக்கும். 1972-இல் வந்த ஸ்டோன்ஸின் ‘டம்ப்ளிங் டைஸ்’ பாட்டின் வாசலில் நின்று பார்க்கிற மாதிரி ஒரு தொடக்கம்.

கீத் 1960-களின் கடைசியிலிருந்து ஓபன் ஜி என்ற ட்யூனிங்கைக் கையாள்கிறார். அதுவும் ஐந்து கம்பியோடு. ஆறாவது கம்பியைக் கழற்றிவிடுவார். வீட்டில் கிட்டார் இருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். ஆறாவது கம்பியைக் கழற்றுங்கள். ஐந்தாவது கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கு ஒரு முழுச் சுரம் இறக்குங்கள். நாலாவது டி, மூன்றாவது ஜி, இரண்டாவது பி, இந்த மூன்றையும் தொடவே வேண்டாம். முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இப்போது கீழிருந்து மேலாக ஜி, டி, ஜி, பி, டி. எங்கேயும் விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி மேஜர் கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் ஒரு முழு மேஜர் கோர்டு. அந்த விரலை எடுக்காமல், இரண்டாவது கம்பியில் ஒரு ஃப்ரெட் தள்ளி நடுவிரலையும், நாலாவது கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளி மோதிர விரலையும் வைத்து எடுங்கள். வைத்து எடுங்கள், வைத்து எடுங்கள். ஸ்டோன்ஸின் ‘ஸ்டார்ட் மீ அப்’ பாட்டின் உயிர் கையில் வந்துவிடும்.

எங்கே தப்பாகும் என்பதையும் சொல்லிவிடலாம். ஆறாவது கம்பியை விட்டுவைத்தால் அடியில் டி முழங்கி ஜி-யின் அஸ்திவாரத்தை ஆட்டிவிடும், கோர்டு சேறாகும். மெல்லிய கம்பி போட்டிருந்தால் சுரம் இறக்கியதும் தொளதொளத்து ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும், 11 கேஜில் ஆரம்பிக்கும் செட் பாதுகாப்பு. கேப்போ (கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் கிளிப்) மாட்டினால் கம்பிகள் இழுபட்டு சுருதி ஏறிவிடும், மாட்டிய பிறகு மறுபடி ட்யூன் செய்யுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷனை, அதாவது ஒலி உடையும் கரகரப்பை, ஏற்றுவது. ஐந்து கம்பியும் திறந்து ஒலிக்கும்போது டிஸ்டார்ஷன் அதிகமானால் தனித்தனிக் கம்பியின் ஒலி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கீத்தின் ஒலி காதுக்குத்தான் முரடு. உண்மையில் அது கிட்டத்தட்ட சுத்தமான ஒலி. ஓங்கி மீட்டும்போது மட்டும் கொஞ்சம் உடைய வேண்டும்.

விரல்களில் மூட்டுவாதம் இருப்பதைக் கீத் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தில் அது எப்படித் தெரிகிறது என்றால், அடிகள் குறைந்திருக்கின்றன, இடைவெளி கூடியிருக்கிறது. அந்த இடைவெளியில் ரோனி வுட் நுழைகிறார். ஒருவர் ரிதம், ஒருவர் லீட் என்று பிரித்துக்கொள்ளாமல் இருவரும் பாய் முடைகிற மாதிரி ஒருவர் இழைக்குள் இன்னொருவர் இழையை விட்டு எடுப்பது இவர்களின் பழைய வித்தை. ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கி ஒரு முறை, மறுபக்கத்தை விலக்கி ஒரு முறை கேட்டால் எந்தக் கிட்டார் எங்கே நிறுத்துகிறது, மற்றது எங்கே பேச ஆரம்பிக்கிறது என்பது பிரிந்து தெரியும். ‘டிரீமி ஸ்கைஸ்’ இதற்கு நல்ல பாட்டு. கன்ட்ரி நடை, ஸ்லைடு கிட்டார், ஊரை விட்டு ஒதுங்கி ஒரு பழைய ஏ.எம். ரேடியோவோடு இருக்கப் போகிறேன் என்கிற வரிகள். அவசரமே இல்லாத நாலே முக்கால் நிமிடம்.

மற்ற பாட்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ‘டிபெண்டிங் ஆன் யூ’வில் டாம் பெட்டியின் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவைச் சேர்ந்த பென்மான்ட் டென்ச் ஹேமண்ட் ஆர்கன் வாசிக்கிறார். இனிமையான பாட்டு, ஆனால் பின்னணி வயலின்கள் இல்லாமலே நின்றிருக்கும். ‘ஹோல் வைட் வேர்ல்ட்’ பாட்டில் ஜாகர் லண்டன் உச்சரிப்பை வேண்டுமென்றே தடித்துப் பாடுகிறார். ஃபுல்ஹாமில் குடியிருந்த அழுக்கு அறை, நடந்த தெருக்களில் உடைந்த கண்ணாடி என்று ஆல்பத்தின் பெயர் இங்கேதான் பாட்டுக்குள் வருகிறது. ‘கெட் குளோஸ்’ பாட்டில் சாக்ஸபோன் உள்ளே நுழையும் இடம் அருமை.

‘பைட் மை ஹெட் ஆஃப்’ பாட்டில் மெக்கார்ட்னி பேஸ். 1963-இல் ஸ்டோன்ஸின் இரண்டாவது சிங்கிளுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்ததே பீட்டில்ஸின் லென்னனும் மெக்கார்ட்னியும்தான். அறுபது வருடம் கழித்து அதே மனிதர் இவர்களோடு மூன்றரை நிமிட பங்க் ராக் வாசிக்கிறார். பேஸில் ஃபஸ் ஏற்றி, ரம்பம் அறுக்கிற மாதிரி ஓர் ஒலி. நடுவில் ஜாகர் பெயர் சொல்லி அழைக்க, பேஸ் தனியாக முன்னால் வருகிறது. மொபைல் ஸ்பீக்கரில் இந்த இடம் காணாமல் போய்விடும். குறைந்தது ஹெட்ஃபோனாவது வேண்டும்.

‘டெல் மீ ஸ்ட்ரெய்ட்’ கீத் பாடுவது. மூன்று நிமிடம்கூட இல்லை. சிகரெட்டை விட்ட பிறகு அவர் குரலில் சளிக்கட்டு குறைந்து மரத்தின் ஈரம் மாதிரி ஒன்று வந்திருக்கிறது. இனி மேலே என்ன, எல்லாம் முடிந்துவிட்டதா, நேராகச் சொல் என்று கேட்கிற பாட்டு. கீத் அதைக் கெஞ்சாமல் கேட்கிறார். இன்னும் ஒரு நிமிடம் நீண்டிருக்கலாம் என்று ஏங்க வைக்கிற ஒரே பாட்டு இதுதான்.

அப்புறம் ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’. 7 நிமிடம் 22 விநாடி. ஸ்டீவி வொண்டர் கீபோர்டு. 1972 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஸ்டோன்ஸுக்கு முன்னால் மேடையேறி வாசித்தவர் அவர். லேடி காகா லாஸ் ஏஞ்சலஸ் ஹென்சன் ஸ்டூடியோவில் பக்கத்து அறையில் வேலையாக இருந்தவர், எட்டிப் பார்க்க வந்து, கையில் மைக் கொடுக்கப்பட்டுப் பாடியவர். அந்தத் தற்செயல் பாட்டில் கேட்கிறது. ஆரம்பத்தில் அவர் குரல் பின்னால்தான் இருக்கிறது. கோயில் திருவிழாவில் தூரத்துத் தெருவில் மேளம் கேட்டு மெல்ல நெருங்குவது போல, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி முன்னால் வருகிறார். பித்தளை வாத்தியங்கள் சேர்கின்றன, ஜாகர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு மேலே போகிறார், ஐந்து நிமிடத்தைத் தாண்டியதும் பாட்டு முடிந்துவிடுகிறது. முடிந்துவிட்டது என்றுதான் நினைப்போம். பிறகு ஸ்டீவியின் விரல்கள் சும்மா கோர்டுகளைத் தடவிக்கொண்டிருக்க, காகா முனகுகிறார், ஜாகர் பதில் சொல்கிறார், ஜோர்டன் மெதுவாகக் கால் வைக்கிறார், எல்லாம் மறுபடி கட்டி எழுகிறது. இந்த இரண்டாவது எழுச்சிதான் ஆல்பத்தின் உச்சி. ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது நீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்; 7:22 உள்ளதுதான் வேண்டும்.

குறைகள் உண்டு, அவற்றை மறைத்தால் ஆல்பத்துக்கே செய்கிற துரோகம்.

பெரிய குறை மாஸ்டரிங், அதாவது பதிவின் கடைசிக்கட்ட ஒலிச் சரிசெய்தல். சத்தத்தை எல்லை வரைக்கும் ஏற்றியிருக்கிறார்கள். இதில் என்ன கெடுகிறது என்றால், ஒரு பாட்டில் மிக உயரமாக எழும் ஒலி ஸ்னேரின் முதல் அடி. மொத்தச் சத்தத்தையும் தூக்க வேண்டுமானால் அந்த உச்சியைத் தட்டையாக்கியே ஆக வேண்டும். ஸ்னேரின் தலை வெட்டப்பட்டதும் அடிக்கும் கிட்டாருக்கும் உயர வித்தியாசம் குறைந்துவிடும். பத்து நிமிடம் கேட்டதும் காது களைத்துப் போவது இதனால்தான். ‘ஆங்க்ரி’யிலும் ‘பைட் மை ஹெட் ஆஃப்’ பாட்டிலும் இது அதிகம். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஸ்ட்ரீமிங் ஆப்பின் அமைப்பில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதியை இயக்குங்கள். ‘டம்ப்ளிங் டைஸ்’, அடுத்து ‘ஆங்க்ரி’ என்று கேளுங்கள். சத்தம் சமமானதும் பழைய பாட்டில் டிரம்ஸ் அறைக்குள் நிற்கும், புதியதில் சுவரில் ஒட்டியிருக்கும். தீர்வும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. அந்த வசதியை நிரந்தரமாக இயக்கத்தில் வைத்து, பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிட்டு, ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் இறக்குங்கள். ஜாகர் குரலின் எரிச்சல் தணியும்.

ஆப்பிள் மியூசிக்கில் டால்பி அட்மாஸ் மிக்ஸ் (சுற்றிலுமிருந்து ஒலிக்கும் வடிவம்) இருக்கிறது. அட்மாஸுக்கு சத்த அளவில் ஒரு கண்டிப்பான உச்சவரம்பு உண்டு என்பதால் அங்கே ஒலிக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. ‘ஸ்வீட் சவுண்ட்ஸ்’ பாட்டுக்கு அதுவே சிறந்தது. ஆனால் நெருக்கமாக நின்று வாசிக்க வேண்டிய ராக் பாட்டுகளில் கிட்டார்கள் அறை முழுக்கச் சிதறி, அந்த முடைதல் அவிழ்ந்துவிடுகிறது. அவற்றுக்கு ஸ்டீரியோவே சரி. சிடியோடு புளூ-ரே சேர்ந்த பெட்டியும் விற்பனைக்கு வந்தது. வீட்டில் புளூ-ரே பிளேயரும் நல்ல ஆம்ப்பும் இருப்பவர்களுக்கு அதுதான் நல்ல முதலீடு.

எல்.பி. (வினைல் இசைத்தட்டு) வாங்க நினைப்பவர்களுக்கு. வண்ண வண்ணத் தட்டுகள், அமெரிக்க பேஸ்பால் அணிகளின் சின்னம் போட்ட உறைகள் என்று ஏகப்பட்ட பதிப்புகள் வந்தன. உள்ளே இருக்கும் பாட்டு ஒன்றுதான், அலமாரிக்கு வாங்குவதென்றால் வாங்குங்கள். கேட்பதற்குச் சாதாரணக் கறுப்புத் தட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, ஏறக்குறைய 24 நிமிடம். இந்த நீளம் ஒரு பக்கத்துக்கு அதிகம்தான், அதனால் சத்தம் கொஞ்சம் குறைவாக வெட்டப்பட்டிருக்கும், ஆம்ப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

தட்டின் ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். மையத்துக்கு அருகே அது 21 சென்டிமீட்டருக்குக் குறைந்துவிடும். சுழற்சி ஒன்றே, சுற்றளவு சிறிது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் உள்பக்கத்தில் ‘ஸ்’ ஒலிகள் சிதறும், உரத்த குரல் கரகரக்கும். ‘ஸ்வீட் சவுண்ட்ஸ்’ பாட்டின் இரண்டாவது எழுச்சி விழுவது கிட்டத்தட்ட அந்த ஆபத்தான பகுதியில். காகாவின் உச்சக்குரல் அங்கே உடைந்து கேட்டால் தட்டைக் குறை சொல்வதற்கு முன் கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பகுதி) கோணத்தை அலைன்மென்ட் அட்டை வைத்துச் சரிபாருங்கள். ஊசி அழுத்தம் கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன வரம்பின் மேல் பாதியில் இருக்கட்டும். குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. அழுத்தம் போதாமல் ஊசி பள்ளத்துக்குள் துள்ளும்போதுதான் தட்டு தேயும். உருண்டை முனை ஊசியைவிட நீள்வட்ட முனை ஊசி இங்கே எவ்வளவோ மேல்.

2023 அக்டோபர் 19-ஆம் தேதி நியூயார்க்கில் ரேக்கெட் என்ற சின்ன கிளப்பில் வாசித்த ஏழு பாட்டுகளோடு இன்னொரு பதிப்பும் அந்த டிசம்பரில் வந்தது. புது ஆல்பத்திலிருந்து நாலு, பழையவை மூன்று. மேடையில் ‘ஆங்க்ரி’ ஸ்டூடியோவைவிடத் தளர்ந்து, அழுக்காக, அதனாலேயே நன்றாக இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த இரட்டைப் பதிப்பை வாங்குங்கள்.

சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி 2025 பிப்ரவரியில் இதற்குக் கிடைத்தது. கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் கிராமி கிடைக்காவிட்டாலும் கடைசிப் பாட்டு ஒன்றுக்காகவே இந்த ஆல்பம் வீட்டில் இருக்க வேண்டும்.

‘ரோலிங் ஸ்டோன் புளூஸ்.’ ஜாகரும் கீத்தும் மட்டும். ஒரு கிட்டார், ஒரு குரல், ஒரு மவுத் ஆர்கன். 1950-இல் செஸ் கம்பெனிக்காக அமெரிக்க புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் பதிவு செய்த பாட்டு. 1962-இல் குழுவுக்குப் பெயர் கிடைத்தது அதிலிருந்துதான். அதற்கும் ஒரு வருடம் முன்னால், 1961 அக்டோபரில், டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் ஜாகரின் கக்கத்தில் சக் பெர்ரி, மட்டி வாட்டர்ஸ் தட்டுகளைப் பார்த்துத்தான் கீத் பேச்சுக் கொடுத்தார். பெயர் கொடுத்த பாட்டை இத்தனை வருடத்தில் ஒரு ஸ்டூடியோ ஆல்பத்தில் அவர்கள் வைத்ததே இல்லை. இப்போது வைத்திருக்கிறார்கள், 2 நிமிடம் 41 விநாடிக்கு. சத்தம் முழுக்க அடங்கி, கீத்தின் விரல் கம்பியில் உரசுவதும் ஜாகர் மவுத் ஆர்கனுக்குள் மூச்சை இழுப்பதும் கேட்கிறது. எல்.பி.யில் இது விழுவது ஆக உள்ளே இருக்கும் பள்ளத்தில். அங்கே உரத்த பாட்டு ஏதாவது இருந்திருந்தால் சிதைந்து போயிருக்கும். இந்த ஒற்றைக் கிட்டாருக்கும் குரலுக்கும் அந்த இடம் தாராளமாகப் போதும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஆட்டோபிளேயை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிக் கம்பி ஓய்வதற்குள் வேறு யாருடைய பாட்டோ வந்து விழும். அணைத்துவிட்டு, அடுத்ததாக மட்டி வாட்டர்ஸின் 1950 பதிவைப் போடுங்கள். அவரிடம் எலெக்ட்ரிக் கிட்டார், இடையிடையே வெறும் மௌனம். கீத் எந்த மௌனத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார், எதில் ஜாகரின் மவுத் ஆர்கன் புகுந்திருக்கிறது என்று இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள்.